தோட்டா பட வேண்டிய இடம்

(மடத்துக்குளத்தில் விவசாயிகள் கூடிய அரங்கில் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காட்டுப்பன்றியைச் சுடலாமா, கூடாதா என்று வழக்காட நான் வரவில்லை. அந்த வழக்கு வெகுகாலம் நடந்து, 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றி வந்தால் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக்கொண்டு போய்க் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு வெளியே என்றால், பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்கள் சுடலாம். ஊராட்சித் தலைவர், கிராம நிர்வாக அலுவலர், வனத்துறைக்காரர் அடங்கிய கிராமக் குழுவுக்கும் இதில் பங்கு உண்டு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலேயே, நிற்கிற பயிருக்குச் சேதம் செய்யும் விலங்கை அதிகாரி அனுமதித்து அப்புறப்படுத்த 11ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. கேரளத்தில் 2022லேயே உள்ளாட்சித் தலைவர்களுக்கு அந்த அனுமதி கொடுக்கும் பொறுப்பை ஒப்படைத்துவிட்டார்கள். நாம் தாமதமாக வந்திருக்கிறோம், அவ்வளவுதான்.

ஆகவே சுடப்போகிறார்கள். எப்படிச் சுடப்போகிறார்கள் என்பதுதான் இன்றைக்கு என் பேச்சு.

"சுடுறது ஃபாரஸ்ட்காரங்க. அதை எங்ககிட்ட எதுக்குங்க டாக்டர் சொல்றீங்க?" என்று முன்வரிசையில் இருக்கிற அய்யா கேட்டார். நியாயமான கேள்வி. உங்களில் ஒருவர்கூடத் துப்பாக்கியைத் தொடப்போவதில்லை, தொடவும் கூடாது. ஆனால் பன்றி படுத்திருக்கும் கரும்புக்காட்டைக் காட்டப்போவது நீங்கள். ராத்திரி பரண் போட்டுக் கொடுக்கப்போவதும், பக்கத்தில் நின்று "அதா நிக்குதுங்க, சுடுங்க சார், சுடுங்க" என்று காதில் ஓதப்போவதும் நீங்கள்தான். மோசமான குண்டுகளில் பாதி அந்த அவசரத்தில் பிறப்பவை. எப்போது சுடக் கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால், சுடுகிறவருக்கு நிதானம் தானாக வரும்.

இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு விலங்கின் உடம்பில் எந்த இடத்தைக் குறிவைக்கிறார்கள் என்பதைக் கண்ணால் பார்த்த அனுபவம் உண்டு. சின்னத்தம்பியை மறந்திருக்க மாட்டீர்கள். 2019 ஜனவரி 25 அன்று கோவை தடாகம் பக்கம் பிடித்து, டாப்ஸ்லிப் வரகளியாற்றுக் காட்டில் விட்ட யானை, சில நாளில் கீழே இறங்கி நடந்து வந்து நம் கிருஷ்ணாபுரம் சர்க்கரை ஆலைப் பக்கம் நின்றது. பிறகு கண்ணாடிப்புத்தூர் கரும்புக்காடு. ஜனம் டிபன் கேரியரோடு வந்து வேடிக்கை பார்த்தது. உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு, பிப்ரவரி 15 அன்று மயக்க ஊசி போட்டு, கலீம் உள்ளிட்ட கும்கி யானைகளை வைத்து லாரியில் ஏற்றினார்கள்.

அன்றைக்கு ஊசியைச் சுட்ட மருத்துவர்கள் எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்று வேடிக்கை பார்த்த பலர் சலித்துக்கொண்டார்கள். அந்தக் காத்திருப்பில்தான் வேலையே இருக்கிறது. மயக்க ஊசிக்குக் கனத்த சதை வேண்டும்: பின்தொடை, இல்லையென்றால் தோள்பட்டைச் சதை. அங்கே ரத்த ஓட்டம் நன்றாக இருக்கும், மருந்து சீராக ஏறும். வயிற்றில் குத்தினால் குடலைத் துளைக்கும். நெஞ்சில் குத்தினால் மருந்தே தேவையில்லை, ஊசியே கொன்றாலும் கொன்றுவிடும். எலும்பில் பட்டால் மருந்து இறங்காது. யானை மிரண்டு கூட்டத்துக்குள் ஓடும். அதனால் யானை பக்கவாட்டில் திரும்பி, அசையாமல் நிற்கும்வரை துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கத்தான் வேண்டும்.

காப்பாற்றுவதற்காகச் சுடுகிற ஊசிக்கே இவ்வளவு கணக்கு. கொல்வதற்காகச் சுடுகிற குண்டுக்கு இன்னும் கூடுதல் கணக்கு வேண்டாமா? ஊசி முதலில் தேடுகிற பின்தொடையைக் குண்டு தவிர்க்க வேண்டும். பின்தொடையில் குண்டு பட்ட பன்றி மூன்று காலில் ஓடி, ஓடைக்கரைச் சீமைக்கருவேல முள்ளுக்குள் புகுந்து, புழு வைத்துச் சாகும். சுட்டவர் "அடிபட்டிருச்சு, எங்கயாவது செத்துக் கிடக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அது சாவதற்கு எத்தனை நாள் எடுத்துக்கொண்டது என்பதை யாரும் எழுதிவைப்பதில்லை.

பன்றியின் உடம்பைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். ஆட்டையும் மாட்டையும் அறுத்துப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள், அதனால் சுலபமாகப் புரியும்.

எந்த விலங்கும் உடனே நினைவிழக்க வேண்டுமானால் மூளைக்குப் போகும் ரத்தம் நிற்க வேண்டும், அல்லது மூளையே சிதற வேண்டும். நுரையீரல் இரண்டையும் துளைத்துக்கொண்டு ஒரு குண்டு போனால், அல்லது இதயத்தையோ அதிலிருந்து கிளம்பும் பெரிய நாளங்களையோ கிழித்தால், ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும். மூளையில் மிச்சமிருக்கும் உயிர்வளியை வைத்துக்கொண்டு விலங்கு பத்துப் பதினைந்து வினாடி ஓடலாம். அந்த ஓட்டத்திலேயே ஐம்பது, நூறு மீட்டர்கூடப் போய்விடும். பார்க்கிறவர்களுக்குத் தப்பிவிட்டது போலத் தோன்றும். ஓடும்போதே அதற்கு நினைவு மங்கிக்கொண்டிருக்கும். விழுந்த இடத்தில் எழுந்திருக்காது. வேட்டை தெரிந்தவர்கள் நாடுவது இந்தச் சாவைத்தான்.

அந்த உயிர்நிலை பன்றிக்கு எங்கே இருக்கிறது? மானைச் சுட்டுப் பழகியவர்கள் முன்னங்காலுக்குப் பின்னால், விலாவில் குறிவைப்பார்கள். பன்றியிடம் அது ஏமாற்றும். பன்றியின் இதயமும் நுரையீரலும் நாம் நினைப்பதைவிட முன்னால், முன்னங்கால் எலும்புகளுக்கு நடுவிலேயே பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன. இதயம் தாழ்வாக, நெஞ்சு எலும்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது. விலாவின் பின்பாதியைக் குறிவைத்தால் குண்டு ஈரலுக்கோ இரைப்பைக்கோ போகும். பக்கவாட்டில் நிற்கும் பன்றிக்கு, முன்னங்காலை ஒட்டியே கோடு போட்டு மேலே வந்து, உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு ஏறியதும் நிறுத்திக்கொள்ள வேண்டும். அதுதான் இடம். கிழட்டு ஆண் பன்றிக்கு அந்த இடத்தில் தோல் தடித்துக் குருத்தெலும்பு மாதிரி இறுகிப் போயிருக்கும். ஆண்களுக்குள் நடக்கும் கொம்புச் சண்டைக்கென்று இயற்கை கொடுத்த கவசம் அது. சிறு ரவைக்கு அது வழிவிடாது.

இன்னொரு ஏமாற்று பிடரி மயிரில் இருக்கிறது. ராத்திரி நேரம், டார்ச் வெளிச்சத்தில் பன்றி சிலிர்த்துக்கொண்டு நிற்கும். முதுகு இருக்கிற உயரத்தைவிட மயிரின் உயரம் சேர்ந்து தெரியும். கண் பார்க்கிற உருவத்தின் நடுவில் குறிவைத்தால், உண்மையான உடம்பில் குண்டு மேலே ஏறிப்போகும். முதுகெலும்பிலிருந்து மேல்நோக்கி நீண்டிருக்கும் முட்களில் பட்டால் என்ன ஆகும் தெரியுமா? பன்றி இடி விழுந்த மாதிரி அப்படியே சாயும். எல்லோரும் கை தட்டுவார்கள். ரெண்டு நிமிஷம் கழித்து அது எழுந்து ஓடும். தண்டுவடம் அதிர்ந்ததே தவிர அறுபடவில்லை. விழுந்த பன்றியைப் பார்த்ததும் கிட்டே ஓடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம். எழுந்த பன்றிக்கு முன்னால் மனிதன் நிற்கக் கூடாது.

"தலையில சுட்டா வேலை முடிஞ்சுருமே" என்பார்கள். முடியும், பட்டால். பன்றியின் மண்டை பெரிசு, மூளை சின்னது, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதற்கு முன்னால் நீண்ட முகவாய் இருக்கிறது; அந்த முகவாய் ஒரு கணம் சும்மா இருக்காது, மண்ணைக் கிளறிக்கொண்டே ஆடும். ராத்திரியில் கண் மின்னுகிறதே என்று கண்ணைக் குறிவைத்துச் சுடுகிறார்கள். இரண்டு அங்குலம் தவறினால் தாடை உடைகிறது. பன்றி ஓடிவிடும், ரத்தமும் அதிகம் சிந்தாது. பிறகு அது தின்ன முடியாது, குடிக்க முடியாது. தாடையில் அடிபட்ட விலங்குக்கு வரும் சாவைவிடக் கொடிய சாவை என் தொழிலில் நான் பார்த்ததில்லை.

வாயில் பட்ட அடியின் கணக்கு சில சமயம் மனிதர்கள் தலையிலும் விழுந்திருக்கிறது. குமாயூன் பக்கம் சம்பாவத் பெண் புலி என்று ஒன்று. 1907இல் வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் அதைச் சுட்டுக் கொன்றார். அதற்குள் நேபாளத்திலும் இந்தியாவிலுமாக 436 பேரைக் கொன்றிருந்தது என்பது கார்பெட் சொல்லும் கணக்கு. செத்த புலியின் வாயைத் திறந்து பார்த்தால், வலப்பக்கம் மேல் கோரைப்பல் பாதி உடைந்திருந்தது, கீழ்க் கோரைப்பல் எலும்புவரை போயிருந்தது. என்றோ எவரோ சுட்ட குண்டின் வேலை. காட்டு இரையைப் பிடித்துத் தின்ன முடியாமல் போன புலி மனிதனிடம் வந்தது. குண்டைச் சுட்டவர் பெயர் யாருக்கும் தெரியாது. இலக்குத் தவறிவிட்டது என்று அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்திருப்பார்.

அதே வாய்க் காயத்தை நாம் இங்கே தோட்டத்துக்குத் தோட்டம் புதைத்துவைக்கிறோம். அதற்குப் பெயர் அவுட்டுக்காய். பழத்துக்குள்ளோ மாவுக்குள்ளோ வெடிமருந்தைப் பொதிந்து பன்றிக்கு வைப்பது. இதைச் சொல்லும்போது சிலர் தலையைக் குனிகிறீர்கள், பரவாயில்லை, யாரையும் நான் பெயர் சொல்லப்போவதில்லை. 2020 மே 27 அன்று பாலக்காடு மாவட்டத்தில் வெள்ளியாற்றுத் தண்ணீருக்குள் நின்றபடியே செத்த கர்ப்பிணி யானையை நாடே பார்த்தது.  அந்த யானை வாயில் வெடித்ததும் பன்றிக்கு என்று வைத்த வெடிதான். பல நாள் ஒரு வாய் தின்ன முடியாமல், புண்ணின் எரிச்சல் தாங்காமல் தண்ணீரில் வாயை முக்கிக்கொண்டு நின்றது. கோவை, நீலகிரி அடிவாரத்தில் இப்படி வாய் கிழிந்து செத்த யானைகள் இன்னும் உண்டு. மேய்ச்சலுக்குப் போன பசுமாடு தாடை தொங்கத் திரும்பி வந்ததை நானே தைத்திருக்கிறேன். தைத்தும் பிழைக்கவில்லை.

"அவுட்டுக்காய் பாவமுங்க, கரண்ட் வேலின்னா ஒரே நொடியில முடிஞ்சுரும்" என்று ஒரு சமாதானம் உண்டு. நொடியில் முடியலாம். யாருக்கு முடியும் என்பதை நீங்கள் தீர்மானிப்பதில்லையே. 2023 மார்ச்சில் தருமபுரி மாரண்டஹள்ளிப் பக்கம் ஒரு விவசாயி பன்றிக்காக இழுத்த திருட்டு மின்கம்பியில் 3 யானைகள் செத்தன. குட்டிகள் இரண்டு அந்த உடல்களைச் சுற்றிச் சுற்றி வந்தன. தண்ணி கட்டப் போன மனிதர்களும் இப்படிக் கம்பியில் கருகியிருக்கிறார்கள். அவுட்டுக்காய், சுருக்குக்கம்பி, கரண்ட் மூன்றுக்கும் ஒரே குற்றம்: எது, எங்கே, எப்படிச் சாக வேண்டும் என்று பார்ப்பதற்கு அங்கே ஒரு ஆள் இல்லை. துப்பாக்கிக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார். அந்த ஆள் விரலை எடுத்துவிட முடியும். நான் சுடுவதை ஆதரிக்கிறேன் என்றால் அதற்கு இந்த ஒரு காரணம்தான்.

சரி, குண்டு போய்விட்டது. பன்றி கரும்புக்குள் ஓடிவிட்டது. இப்போது என்ன?

முதலில், அது நின்ற இடத்தைக் கண்ணால் பிடித்து வையுங்கள். ஒரு கரும்புச் சோகையை ஒடித்துப் போட்டு அடையாளம் வைக்க வேண்டும். பத்துப் பேர் டார்ச்சோடு ஓடி மிதித்துவிட்டால் தடயம் போச்சு. கால் மணி, அரை மணி காத்திருந்து, பிறகு துப்பாக்கியோடு இருக்கிறவர் முன்னால் போய் ரத்தத்தைப் பார்ப்பார். இளஞ்சிவப்பாக, நுரையோடு இருந்தால் நுரையீரல். பன்றி கிட்டேயே கிடக்கும். கருஞ்சிவப்பாக, கெட்டியாக இருந்தால் ஈரல். இன்னும் காத்திருக்க வேண்டும். ரத்தம் குறைவாக, பச்சையாகத் தீனிக் கசடு கலந்து நாறினால் குடல். அந்தப் பன்றி மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும், உடனே விரட்டினால் அடுத்த ஊர் எல்லைக்குப் போய்விடும். தேடிப் பிடித்து அதை முடித்துவைப்பது சுட்டவரின் கடமை. மறுநாள் மத்தியானம் ஆனாலும் தேட வேண்டும்.

ஸ்வீடனில் பன்றி போன்ற பெரிய விலங்கைச் சுடப் போகிறவர், அடிபட்ட விலங்கை மோப்பம் பிடித்துத் தேடப் பயிற்சி பெற்ற நாய் இரண்டு மணி நேரத்துக்குள் வந்து சேர ஏற்பாடு செய்திருக்க வேண்டும், சட்டம் அது. நார்வேயில் ஆண்டுதோறும் சுடும் தேர்வு. 100 மீட்டரில் விலங்கு உருவத்தின் மேல் 5 குண்டு, ஐந்தும் உயிர்நிலை வட்டத்துக்குள் விழ வேண்டும். நாலு விழுந்தால் தேர்ச்சி இல்லை; மறுபடி சுட்டுத் தேறும்வரை பெரிய விலங்கு வேட்டைக்குப் போக முடியாது. நம் வனத்துறை ஆட்களிடம் தைரியத்துக்குக் குறைவில்லை, அதை நான் காட்டில் பார்த்திருக்கிறேன். பயிற்சிக்கு அவர்களுக்கு எத்தனை தோட்டா கொடுக்கிறோம் என்று கேட்க வேண்டியது கிராமக் குழுவின் வேலை. பன்றியின் உருவத்தை அட்டையில் வெட்டி, உயிர்நிலையைச் சிவப்பு மையில் வரைந்து, நம் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்துக் கலர் பென்சில் செலவில் ஒரு குறி செய்துவிடலாம். இதற்கு டெண்டர் வேண்டாம்.

துப்பாக்கி வகையைப் பற்றி ஒரு வார்த்தை. பன்னிரண்டு போர் துப்பாக்கியில் பல ரவை போட்டுச் சுட்டால், தூரம் போகப் போக ரவைகள் பரவும். நாற்பது மீட்டருக்கு மேல் ரெண்டு நெஞ்சிலும், நாலு குடலிலும், ஒன்று பக்கத்துக் குட்டியின் மேலும் படும். ஒற்றைத் தோட்டாவோ ரைஃபிளோ இருந்தால்தான் இடம் பார்த்து வைக்க முடியும். ரைஃபிள் என்றால் வேறு கவலை. கொல்லிமலை வல்வில் ஓரி விட்ட ஓர் அம்பு யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் துளைத்துப் போய் உடும்பில் தைத்தது என்று புறநானூற்றில் வருகிறது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எனக்கும் பெருமையாக இருந்தது. இப்போது அதைக் கேட்டால் எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு குண்டு பன்றியைத் துளைத்து வெளியே போனால் அது எங்கே நிற்கும்? கரும்பு அதை நிறுத்தாது. ராத்திரி மும்முனைக் கரண்ட் வந்ததும் தண்ணி கட்டப் போனவர் வரப்பில் நின்றுகொண்டிருப்பார். பரண் மேலிருந்து கீழ்நோக்கி, மண்ணைப் பின்னணியாக வைத்துச் சுட வேண்டும். பன்றிக்குப் பின்னால் வானம் தெரிந்தால் விரலை எடுத்துவிட வேண்டும். அன்றைக்கு ராத்திரி யார் யார் எந்த வயலில் இருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு.

தாய்ப்பன்றி விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். கூட்டத்தின் முன்னால் வருவது பெரும்பாலும் வயதான பெண். பால்மடி தொங்குகிறதா, பின்னால் கோடு போட்ட குட்டிகள் வருகின்றனவா என்று பார்க்காமல் அதைச் சுட்டால், குண்டு எவ்வளவு நல்ல இடத்தில் பட்டாலும் நாலைந்து குட்டிகள் புதருக்குள் பட்டினி கிடந்து சாகும். அதைக் கணக்கில் சேர்க்காமல் "ஒரே குண்டில் முடித்தோம்" என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை. தனியாக வரும் ஆணையும், பால் மறந்த இளசுகளையும் சுடட்டும். கூட்டத்தைக் குறைக்கவும் இளசுகளைக் குறைப்பதுதான் வழி என்று மேல்நாட்டில் வேட்டை நிர்வாகம் செய்கிறவர்களும் சொல்கிறார்கள்.

நம் பக்கத்துப் பன்றிகளில் பாதி காட்டையே பார்க்காதவை. அமராவதிக் கரையோரக் கரும்பில் பிறந்து, மக்காச்சோளத்தில் வளர்ந்து, ஓடைமுள்ளில் படுப்பவை. அதனால் பிடித்துக் காட்டில் விடுவது என்ற ஏற்பாட்டில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. சின்னத்தம்பி திரும்பி வந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஓடைக்கரை முள்ளை வெட்டிச் சுத்தம் செய்தால் சுட வேண்டிய பன்றிகளின் எண்ணிக்கையே குறையும். அதற்கும் குழுவில் தீர்மானம் போடுங்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். முதல் கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும், பின்வரிசையில் ரெண்டு பேர் சிரிக்கிறீர்கள். சுட்ட பன்றியின் கறியை எடுத்துக்கொள்ளலாமா என்றால், கூடாது. சட்டப்படி அது அரசாங்கச் சொத்து, வனத்துறைக்காரர்தான் அப்புறப்படுத்துவார். அப்படியே கிடைத்தாலும் சதையில் இருக்கிற புழுவை நினைத்தால் நான் வாயில் வைக்க மாட்டேன். அடுத்த கேள்வி?